மூன்று பேப்பர் போட்ட சேருக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து வீடியோவைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்றிரவு வரைக்கும் ஆள் மாறி ஆள் எனக்கு அதை அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள், அதுவும் சிரிக்கிற முகத்தோடு. சரி, எழுதிவிடுகிறேன்.

மேடையில் ஒரு மூத்த விரிவுரையாளர், இப்போதைய தற்காலிக விரிவுரையாளர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதுவதில்லை என்று கேலி செய்கிறார்: "நாங்கள் டெம்பரரியா இருக்கேக்கையே மூண்டு பேப்பர் போட்டனாங்கள். இப்ப உள்ள பிள்ளையள் போனை நோண்டுதுகள்." மண்டபம் முழுக்கக் கைதட்டு. முன்வரிசையில் இருந்து தட்டியவர்களில் பாதிப்பேருக்குத் தற்காலிக உதவி விரிவுரையாளர் ஒருவர் ஒரு கிழமைக்கு என்ன செய்கிறார் என்று தெரியாது. மற்றப் பாதிக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அந்த வேலையைக் கொடுப்பதே அவர்கள்தான். அவர்கள் தட்டியதுதான் எனக்கு ஏறவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆய்வு செய்ய நேரத்தைக் கொடுக்காத இடத்துக்கு, ஆய்வு எங்கே என்று கேட்கிற உரிமை இல்லை.

கணக்குப் பார்ப்போம். விஞ்ஞானப் பக்கம் ஒரு துறை. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். இரண்டு கிரெடிட் பாடம் ஒன்று என்றால் 30 மணித்தியால விரிவுரை, கிழமைக்கு 2 மணித்தியாலம். சட்டப்படி அது மூத்தவருடைய பாடம். ஆனால் அவர் கூட்டத்திலும் கொழும்பிலும் இருப்பார், படிப்பிப்பது தற்காலிகமாக இருக்கிற பிள்ளை. முதல் தடவை படிப்பிக்கிற ஆளுக்கு ஒரு மணித்தியால விரிவுரைக்கு நாலு மணித்தியாலத் தயாரிப்பு குறைந்தது வேண்டும். அது 8. செய்முறை வகுப்பு மூன்று குழு, ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம், ஆக 9. கரைசல் தயாரித்து, கருவி பார்த்து, கழுவி அடுக்க இன்னும் 4. திருத்த வேண்டிய மாணவர் செய்முறைப் பதிவேடு 90, ஒன்றுக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் 15 மணித்தியாலம். விரிவுரையின் 2 ஐயும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், கிழமைக்கு 38. இதற்குள் பரீட்சை மேற்பார்வை இல்லை, வருகைப் பதிவு இல்லை, புள்ளி ஏற்றுவது இல்லை, மாநாட்டுக்குக் கதிரை அடுக்குவது இல்லை, "தம்பி, இந்த ஸ்லைட்டைக் கொஞ்சம் வடிவாக்கித் தாரும்" இல்லை.

மிச்சம் இருக்கிற நேரத்தில் போனை நோண்டுகிறார்களாம். நோண்டத்தான் செய்வார்கள். துறைத்தலைவரின் மெசேஜ் அதில்தானே வருகிறது.

இனி "நேரத்தை ஒழுங்காகப் பயன்படுத்தினால் முடியும்" என்பவர்களுக்கு. வாருங்கள், நம்ம திருகோணமலையையே எடுப்போம். ஒரு பிள்ளைக்கு ஜூலையில் நியமனக் கடிதம் வருகிறது, ஒரு வருட ஒப்பந்தம். புறாத்தீவுப் பக்கம் பவளப்பாறை பார்க்க ஆசை. நல்ல தலைப்பு. ஆனால் அது 2003 இலிருந்து கடல்சார் தேசிய பூங்கா. முகமூடியைப் போட்டுக்கொண்டு குதிக்க முடியாது, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் ஆய்வு அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு முன்மொழிவு, மேற்பார்வையாளரின் ஒப்பம், நிறுவனத்தின் கடிதம். மேற்பார்வையாளர் வாசித்துத் தர ஒரு மாதம், கடிதம் மேசை மாற இன்னொன்று. அனுமதி கையில் கிடைக்கிறபோது ஒக்டோபர். இந்தக் கரையில் ஒக்டோபர் என்றால் என்னவென்று நிலாவெளிப் படகுக்காரரிடம் கேளுங்கள். மாரி தொடங்கிவிடும், கடல் கொந்தளிப்பு, தண்ணீர் கலங்கல், அடியில் ஒன்றும் தெரியாது. கடல் படிந்து நீர் தெளிய ஏப்ரல் ஆகும். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. இடையில் இரண்டு மாதம், அதுவும் பரீட்சைக் காலம். இந்தப் பிள்ளை எந்த மாதத்தில் சோம்பேறியாக இருந்தது? யாராவது சொல்லுங்கள்.

கொட்டியாரக்குடாவில் தண்ணீர் மாதிரி எடுக்கிறவர்கள் கதையும் அதுதான். மகாவலி விழுகிற இடம், பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் நைத்திரேற்று பார்க்கிற மாதிரியை 4 பாகை செல்சியஸ் அளவில் குளிரில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் பரிசோதிக்க வேண்டும், தவறினால் பெறுமானம் மாறிவிடும். துறையில் உள்ள கருவி பழுது என்றால் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் பேராதனைக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். பஸ் காசு, ஐஸ் காசு, பரிசோதனைக் கட்டணம் எல்லாம் அந்தச் சம்பளத்திலிருந்து. அந்தச் சம்பளமும் ஒப்பந்தம் புதுப்பிக்கிற கடிதம் எங்கேயோ ஒரு மேசையில் தூங்குகிற மாதங்களில் வராது.

"ஆர்ட்ஸ்காரருக்கு என்ன, புத்தகத்தை வாசித்து எழுதலாம்தானே?" என்று ஒருவர் கேட்பார். மனிதரிடம் நேர்காணல் எடுக்கிற ஆய்வு என்றால் முதலில் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும், தரவு சேர்ப்பதற்கு முன்னரே. எடுத்து முடித்த பிறகு அதை வாங்க முடியாது. தரமான சஞ்சிகைகள் அனுமதி இலக்கத்தைக் கேட்கும். பிறகு, ஒரு மணித்தியால நேர்காணலை எழுத்தாக்க ஐந்து மணித்தியாலமாவது போகும். 20 நேர்காணல் என்றால் 100 மணித்தியாலம், ஒரு வரி பகுப்பாய்வு செய்யாமலே. வாசித்து எழுதலாமாம்.

சரி, "அந்தக் காலத்தில் நாங்கள் இன்டர்நெட் இல்லாமல், லைட் இல்லாமல் செய்தோம்" என்பதற்கு வருகிறேன். இதை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. 1981 இல் வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியதை, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானதை, போருக்குள் இழுத்துக்கொண்டு வந்தவர்களை நான் மதிக்கிறேன். குப்பி விளக்கில் விடைத்தாள் திருத்தியவர்கள் இருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகும் திரும்பி வந்து வகுப்பெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இப்படி மேடையில் நின்று பிள்ளைகளைக் கேலி செய்து நான் பார்க்கவில்லை. கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் அவர்களுக்குப் பிறகு, ஓரளவு வசதி வந்த நேரத்தில் நிரந்தர வரிசையில் ஏறியவர்கள்.

நிரந்தரம் என்றால் என்ன வித்தியாசம் என்று தெரியாதவர்களுக்கு: முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ இருந்தால் தகுதிகாண் விரிவுரையாளராக எடுப்பார்கள். மூன்று வருடத் தகுதிகாண் காலம், நீடிப்புக் கேட்டு எட்டு வருடம் வரை போகலாம். அதற்குள் ஆய்வுக்கூறு உள்ள இரண்டு வருட முதுமாணியோ, முதுதத்துவமாணியோ, கலாநிதியோ முடிக்க வேண்டும். அதற்காகக் கற்றல் விடுமுறை, சம்பளத்தோடு. திரும்பி வந்து இத்தனை வருடம் கட்டாயம் சேவை என்று பிணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அதாவது ஆய்வுக்கென்று நேரம் வேண்டும் என்பது அரசாங்கத்துக்கே தெரியும், சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. தற்காலிகம் என்று போட்ட உடனே அது மறந்துபோகிறது. எட்டு வருடமும் விடுமுறையும் உள்ளவருக்கு ஓர் அளவு, ஒரு வருடமும் 90 பதிவேடும் உள்ளவருக்கும் அதே அளவு.

நிரந்தரப் பதவி வெற்றிடமும் துறைத்தலைவர் நினைத்தால் வருவதில்லை. முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஆளணிக்கு அனுமதி தர வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஆட்சேர்ப்பு எவ்வளவு இறுகியது, எத்தனை பேர் நாட்டைவிட்டுப் போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். போனவர்களின் பாடத்தை யார் தலையில் போட்டீர்கள்? போனை நோண்டுகிற அதே பிள்ளைகளின் தலையில்தான்.

இந்தப் பேச்சால் வருகிற கேடு வேறு. "மூன்று பேப்பர்" என்று ஒரு இலக்கத்தைத் தூக்கிப் போட்டால் பிள்ளைகள் இலக்கத்தைத் தேடித்தான் ஓடும். மின்னஞ்சலில் போலிச் சஞ்சிகைக்காரர் ஏற்கனவே காத்துக்கொண்டிருக்கிறார்கள்: "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று நேற்றுப் பட்டம் எடுத்த பிள்ளைக்கு அழைப்பு. மூன்று நாளில் ஏற்பு, நாலாம் நாள் கட்டணப் பற்றுச்சீட்டு. ஐஎஸ்எஸ்என் இலக்கம் இருக்கிறதே என்பார்கள். அது வெறும் அடையாள இலக்கம், தரத்துக்கு அத்தாட்சி அல்ல. இம்பெக்ட் ஃபெக்டர், அதாவது சஞ்சிகையின் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற அளவு, போட்டிருக்கிறதே என்பார்கள். உண்மையான இம்பெக்ட் ஃபெக்டரைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம் மட்டும்தான், மற்றதெல்லாம் அவரவர் அச்சடித்த நோட்டு. ஆகவே கட்டுரை அனுப்ப முன்னர் ஆய்வுச் சஞ்சிகைகளின் தரவுத்தளங்களான ஸ்கோபஸின் மூலப் பட்டியலிலும் வெப் ஒஃப் சயன்ஸின் பட்டியலிலும் நீங்களே போய்ப் பெயரைத் தேடுங்கள், அவர்கள் தந்த லிங்கால் போகாதீர்கள். நல்ல சஞ்சிகையின் பெயரிலேயே போலி இணையத்தளம் நடத்துகிறவர்களும் உண்டு. அகப்பட்டால் வெளியே வருவது கஷ்டம். மீளப் பெறவும் காசு கேட்பார்கள், அங்கே வந்துவிட்டதை இன்னொரு இடத்துக்கு அனுப்பினால் இரட்டை வெளியீடு. ஒரு வருடமாகச் சேர்த்த தரவு அதோடு போச்சு. உள்நாட்டுச் சஞ்சிகை என்றால் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் இணையத்தளத்தில் உள்ளவற்றைப் பாருங்கள், பலதற்குக் கட்டணமே இல்லை. மெதுவாக வரும். வரட்டும்.

அதைவிட நல்ல வழி, முதல் வருடத்தில் புதிதாக ஒன்றும் தொடங்காமல் உங்கள் இளமாணி ஆய்வேட்டையே எடுப்பது. தரவு கையில் இருக்கிறது, அனுமதி இருக்கிறது. நூறு பக்கத்தைச் சுருக்கப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு கேள்வியை வெட்டி எடுத்து, அதற்குரிய இரண்டு அட்டவணை, ஒரு வரைபடத்தை வைத்துப் புதிதாக எழுதுங்கள். மேற்பார்வையாளரிடம் முதலில் கேளுங்கள், ஆசிரியர் வரிசையை மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்துங்கள். வாயால் பேசியது வாயோடு போய்விடும்.

ஆசிரியர் வரிசை என்று வந்ததால் சொல்கிறேன், இதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது. மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்த நாலு நிபந்தனைகள் இருக்கின்றன: ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், பொறுப்பேற்பு. நாலும் இருந்தால்தான் ஆசிரியர். நிதி எடுத்துத் தந்தது மட்டும் போதாது, பொது மேற்பார்வை மட்டும் போதாது. அப்படிப்பட்டவர்களுக்கு நன்றியுரை இருக்கிறது. எத்தனை துறைகளில் இது நடக்கிறது? ஒரு பிள்ளை மாதிரி எடுத்து, பரிசோதித்து, எழுதி, கடைசியில் பெயர்ப் பட்டியலில் நாலாவதாக நிற்கிறது. முதலாவது பெயர் அந்தக் கடற்கரைக்கே வந்திராத ஆள். கேட்டால், "ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டாமோ?" என்று சிரித்துக்கொண்டு ஒரு கேள்வி.

அந்த மூன்று பேப்பரில் எத்தனைக்கு யார் மாதிரி எடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மரியாதை இல்லாதவன் என்பீர்கள்.

"எல்லா மூத்தவர்களும் அப்படி இல்லை" என்று எழுத விரல் துடிப்பவர்களுக்கு: தெரியும். பதிவேடு திருத்துவதில் பங்கெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், கிழமையில் ஒரு நாளை "இன்றைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒரு வேலையும் கொடுக்காதீர்கள்" என்று காத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள்தான் பேப்பரும் போடுகிறார்கள், கவனித்தீர்களா? "சில தற்காலிகர்கள் உண்மையிலேயே சோம்பேறிகள்" என்பவர்களுக்கு: இருக்கட்டும். நிரந்தரத்தில் இல்லையா? "இப்படி எழுதினால் பிள்ளைகள் இந்தத் துறைக்கே வரமாட்டார்கள்" என்றும் ஒரு குரல் வரும். வராமல் போவது இந்தப் பதிவாலா, அந்தக் கைதட்டாலா?

அந்த மண்டபத்தின் பின்வரிசையில் அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிற பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். வீடியோவில் தெரிகிறது, தலையைக் குனிந்து இருக்கிறார்கள். அவர்களும் தட்டினார்கள். தட்டாமல் இருக்க முடியாத இடத்தில் இருக்கிறார்கள்.

தம்பிமார், தங்கச்சிமார், உங்களுக்கு மட்டும். வெளியேற முன்னர் சேவைக் கடிதம் எடுங்கள். "திருப்திகரமாகப் பணியாற்றினார்" என்கிற இரண்டு வரிக் கடிதம் நேர்முகத்தில் ஒன்றுக்கும் உதவாது. பாடக் குறியீடு, கிரெடிட், விரிவுரை எத்தனை மணித்தியாலம், செய்முறை எத்தனை மணித்தியாலம், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய் ஒப்பம் வாங்குங்கள். துறைத்தலைவர் மாறிய பிறகு இதைக் கேட்டால் "எனக்குத் தெரியாது" என்றுதான் பதில் வரும். மாணவர் பின்னூட்டப் படிவத்தின் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய கட்டுரை ஏதும் நிலுவையில் இருந்தால் தொடர்பு முகவரியை இன்றைக்கே உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள், ஆய்வாளருக்கு அடையாள இலக்கம் தருகிற ஓர்சிட் கணக்கிலும் அப்படியே. ஒப்பந்தம் முடிந்ததும் நிறுவன மின்னஞ்சலைப் பூட்டிவிடுவார்கள். திருத்தம் கேட்டு வருகிற கடிதம் அந்தப் பெட்டிக்குள் போய்க் கிடக்கும், தவணை தாண்டும், கட்டுரையைக் கைவிட்டதாகக் கணக்கெடுப்பார்கள். மாதிரிக் கடிதம் வேண்டியவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது.