ஒழுங்கை முனை வரை ஓட்டிப் பார்த்தால் பிரேக்கின் பிழை தெரியுமா?

கொடிகாமத்தில் இருந்து யாழ்ப்பாணம் வரும்போது என் கார் முதல் கால் மணி நேரம் சொன்ன இடத்தில் நிற்கும். நாவற்குழிப் பாலத்தை நெருங்கும் நேரம் பார்த்துப் பெடல் கட்டை மாதிரி இறுகிவிடும். எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது; எதிரே வரும் பஸ்ஸைப் பார்த்து வலப்பக்கம் இழுக்கும். ஓரமாக நிறுத்தி ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தால் எல்லாம் சரி!

கராச்சில் என்ன செய்கிறார்கள்? கார் அங்கே நின்று ஆறிய பிறகு ஒருவர் ஏறி, ஒழுங்கை முனை வரை மாட்டுவண்டி வேகத்தில் போய் வருவார். “அண்ணை, பிரேக் நல்லாப் பிடிக்குது. சும்மா பயப்பிடுறியள்.” அட, சூடு ஏறினால்தான் வரும் என்று சொல்லித்தானே திறப்பைத் தந்தேன்! இரவில் காயும் பிள்ளைக்குக் காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலே இல்லை என்பது போல இருக்கிறது. இன்னொருவர் கேட்டார், மலையில்லாத ஊரில் பிரேக் எப்படிச் சூடாகும் என்று.

சரி, பிழை தெரியவில்லை என்றாவது சொல்லலாம். சொல்லமாட்டார்கள். ஒருவர் பிரேக் ஒயிலை மாற்றினார். அடுத்தவர், பெடலை மிதிக்கும்போது அந்த ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினார். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே இறங்கினால் அல்லவா அதைச் சந்தேகிக்க வேண்டும்? என்னுடையது கல்லு மாதிரி இருக்கிறது! மூன்றாமவர், சில்லோடு சுற்றுகிற டிஸ்க் தட்டு முகம் பார்க்கலாம் போல மினுங்க, அதை அப்படியே விட்டு, அதை அழுத்திப் பிடிக்கிற பேட்டை மட்டும் புதிதாகப் பூட்டிவிட்டார். ஒரு கிழமை நன்றாக இருந்தது. பிறகு பழைய கதை.

கடைசியில் பிரேக் இழுக்கத் தொடங்கிய இடத்திலேயே காரை நிறுத்தி, நான்கு சில்லுக்கும் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோனேன். முன் இடப்பக்கம் மட்டும் தோசைக்கல். கருகிய மணம் வேறு. இதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும்?

அந்தச் சில்லைக் கழற்ற வைத்துப் பக்கத்தில் நின்றேன். பேட்டுகளை டிஸ்கின் இரு பக்கமும் அழுத்துகிற கவ்விதான் கலிப்பர்; அது நகர்கிற பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகிக் கிடந்தது. உள்பக்கப் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருக்க, வெளிப்பக்கம் அப்படியே புதிது. பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. அந்தச் சூட்டில் பேட்டின் பசை வெந்து கண்ணாடியாகி, டிஸ்கும் மினுங்கிவிட்டது. இடப்பக்கம் பிடிக்காததால்தான் கார் வலப்பக்கம் இழுத்தது.

பின்னைத் துப்புரவாக்கி, அதற்கென்று உள்ள சிலிக்கோன் கிரீஸ் பூசினோம். டிஸ்கின் ஆகக் குறைந்த தடிப்பு அதன் விளிம்பிலேயே பொறித்திருந்தது. அளந்து பார்த்துத்தான், மினுங்கிய மேற்பரப்பைச் சீவி எடுக்க லேத்தில் கொடுத்தோம். திரும்பவும் புதுப் பேட். 50 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து 10 வரை, முழுக்க நிற்பாட்டாமல் எட்டுப் பத்துத் தடவை வேகம் குறைத்து, பிறகு பிரேக் தொடாமல் ஓடி ஆறவிட்டேன். புதுப் பேட் டிஸ்கோடு பழக இதைச் செய்யவேண்டும் என்று முன்பு பூட்டியவர் வாயே திறக்கவில்லை.

கழற்றிய மாஸ்டர் சிலிண்டர், ஒரு பிழையும் இல்லாதது, இன்னும் டிக்கிக்குள் கிடக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் அது உருளும் சத்தம் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.