பொது வாய்க்காலுக்குத் தனிப் பட்டாவா?

கும்பகோணத்தில் கடைகளுக்கு வலைத்தளம் போட்டுக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். எல்லாமே வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில். "இது ஊர்ப் பொது ஐயா, யாரும் பிடுங்க முடியாது" என்று சத்தியம் செய்துதான் விற்பேன். 2024 செப்டம்பரில் என் மூஞ்சியில் கரியைப் பூசினார்கள்.

2003இல் மைக் லிட்டிலோடு சேர்ந்து இதைத் தொடங்கியவர் மேட் முல்லன்வெக். டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் கம்பெனி, அதாவது வேர்ட்பிரஸ் தளங்களுக்குச் சர்வரில் இடம் வாடகைக்கு விடுகிற கம்பெனி, கொழுத்த லாபம் பார்க்கிறது, வேர்ட்பிரஸுக்குத் திருப்பித் தருவது சொற்பம் என்பது அவர் புகார். சரி, நியாயமாகவே இருக்கட்டும். வருமானத்தில் 8 சதவீதம் கேட்டார்; கிடைக்கவில்லை; 'புற்றுநோய்' என்று திட்டினார். பங்காளிச் சண்டையில் பேசாத பேச்சா?

ஆனால் 25ஆம் தேதி செய்தாரே, அதுதான் வயிறு எரிகிறது. வேர்ட்பிரஸ் தளங்களுக்கெல்லாம் அப்டேட் வருகிற வேர்ட்பிரஸ்.ஆர்க் பக்கம் அந்தக் கம்பெனியின் சர்வர்கள் வரமுடியாமல் அடைத்துவிட்டார். அந்தக் கம்பெனியில் தளம் வைத்திருந்தவர்களுக்கு, கூடுதல் வசதிக்காகத் தளத்தில் செருகுகிற பிளக்இன்களுக்கு வழக்கமான வழியில் அப்டேட் இல்லை. தலைமடையில் இரண்டு மிராசுதார் முறைத்துக்கொண்டால் ஷட்டரை இறக்கிக் கடைமடைக்காரன் நாற்றைக் காயவிடுவதா? அதைவிடக் கொடுமை, அந்த வேர்ட்பிரஸ்.ஆர்க் அவருடைய சொந்தச் சொத்தாம். போட்டி ஹோஸ்டிங் நடத்தும் ஆட்டோமேட்டிக் கம்பெனிக்கும் அவர்தான் தலைவர். இத்தனை வருஷம் புறம்போக்கு வாய்க்கால் என்று நம்பி இறைத்திருக்கிறோம், பட்டா ஒருத்தர் பேரில்!

அப்புறம் கூத்து. 'அந்தக் கம்பெனியோடு எனக்குத் தொடர்பில்லை' என்று டிக் அடித்தால்தான் வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் லாகின். அக்டோபரில் டபிள்யூபி எஞ்சினுடைய ஏசிஎஃப் என்ற பிளக்இன்னையே வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் எடுத்துப் பெயர் மாற்றிக்கொண்டார்கள். டிசம்பர் 10 அன்று கலிபோர்னியா நீதிமன்றம் அந்த அடைப்புக்குத் தடை உத்தரவு போட்ட பிறகுதான் கதவு நிலையாகத் திறந்தது. அந்த டிக் பெட்டிக்குப் பதிலாக, பீட்சாவில் அன்னாசி ருசி என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒரு பெட்டி வைத்தார்கள். ஊரான் பிழைப்பு இவர்களுக்கு நக்கல்.

என் தளங்கள் எதுவும் அந்தக் கம்பெனியில் இல்லை, தப்பித்தேன். ஆனால் நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைக்காரருக்கு யாரோ வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டார்கள். பின்னால் அரம் ராவுகிற சத்தத்தோடு போன்.

"தம்பி, ஊர்ப் பொதுன்னியே, ஷட்டர் சாவி யார்கிட்ட இருக்கு?"

விழுங்கினேன். இரண்டு தடவை "ஹலோ" என்றார்.

"சரி விடு. இந்த வருஷப் பராமரிப்புக் காசுல ஆயிரத்தைக் கழிச்சுக்கிறேன்."