எண்ணெய்க் குடுவைக்குள் ஒரு கள்ளக் கிண்ணம்

பழைய கிரேக்கப் பானைகள் என்றதும் பலருக்கும் ஹெராக்ளீஸ் சிங்கத்தோடு மல்லுக்கட்டும் பெரிய ஜாடிகள்தான் நினைவுக்கு வரும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏதென்ஸ்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிய, என்னைக் கேட்டால், வெள்ளை லெகித்தோஸ் ஒன்றைப் பார்த்தால் போதும்.

ஒடுங்கிய கழுத்தும் ஒற்றைக் கைப்பிடியும் கொண்ட எண்ணெய்க் குடுவை அது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில், வெள்ளைக் களிமண் பூசி, பெரும்பாலும் சாவுச் சடங்குக்கென்றே செய்தார்கள். பிணத்தோடு புதைப்பார்கள், கல்லறைப் படிகளில் வரிசையாக வைப்பார்கள். சூளையிலிருந்து எடுத்த பிறகு தீட்டிய நிறங்கள் என்பதால் லேசில் உதிர்ந்துவிடும். சிலவற்றில் ஆடையின் நிறம் மொத்தமாகப் போய், அடியில் வரைந்த உடம்பின் கோடு மட்டும் நிற்கிறது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒன்று உண்டு. அதன் மேல் தீட்டிய படத்தில் தூக்கம், மரணம் என்ற இரு தெய்வங்கள், அதாவது ஹிப்னோஸும் தானட்டோஸும், செத்த வீரன் ஒருவனை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கல்லறைக் கல்லருகே பதமாக இறக்குகிறார்கள். ஹோமரின் இலியட்டில் இந்த இரட்டையர் தூக்கிப்போவது தேவர்களின் அரசன் ஜீயஸின் மகன் சார்பீடனை. இங்கே அதே மரியாதை, பேர் தெரியாத ஒரு வீட்டுப் பிள்ளைக்கு!

விஷயம் இனிமேல்தான். சில குடுவைகளில் கழுத்துக்குக் கீழே, உள்பக்கமாக, ஒரு சின்னக் கிண்ணம் பொருத்தியிருக்கிறது. அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும், குடுவையே தளும்பத் தளும்ப நிறைந்த மாதிரி இருக்கும். கீழே முழுக்கக் காலி. உள்ளே அடைபட்ட காற்று சூளைச் சூட்டில் வெளியேற, குடுவையின் உடம்பில் ஒரு துளை வேறு போட்டிருப்பார்கள்.

“செத்தவனையே ஏமாத்தியிருக்காங்க பாரு” என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. ஆலிவ் எண்ணெய் சமையலுக்கு வேண்டும், விளக்குக்கு வேண்டும், உடம்பில் தேய்க்கவும் வேண்டும். இருக்கிறவர்களின் பங்கை வழித்தெடுத்து மண்ணுக்குள் ஊற்ற எத்தனை வீட்டால் முடியும்? அதற்காகச் சடங்கை விட்டுவிடவும் மனசு வராதே. அந்தக் கிண்ணத்தைக் குயவர் தனியாக வனைந்து பொருத்த வேண்டும். தெரியாத்தனமாக நடக்கிற காரியமில்லை. வாங்குகிறவருக்கும் தெரிந்தே இருந்திருக்கும் என்பது என் ஊகம். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றில் மோசடி எங்கே வந்தது?

அருங்காட்சியகக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஓவியர் யார், எந்தக் காலம் என்று அட்டையில் எழுதுகிறீர்கள், சரி. உள்ளே கிண்ணம் இருந்தால் பக்கத்திலேயே ஓர் எக்ஸ்-ரே படத்தையும் மாட்டுங்கள். அந்தத் துளை தெரிகிற மாதிரி குடுவையைக் கொஞ்சம் திருப்பியும் வையுங்கள்.