பெட்டி நிரம்பிவிட்டதாம்!

மின்னஞ்சலைத் திறந்தால் மறுபடியும் அதே சிவப்பு வரி: ‘உங்கள் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது.’ எதனால் நிரம்பியது? வீட்டுக்கடன் வேண்டும் என்று நான் கேட்டேனா? பாளையங்கோட்டையில் சட்டை வாங்கிய கடை, ஆடித் தள்ளுபடியை மார்கழியிலும் அனுப்புகிறது. விலகிக்கொள்ள வழி உண்டு. கடிதத்தின் அடியில், எறும்புக்கே கண்ணாடி தேவைப்படும் எழுத்தில். அழுத்தினால், ‘எங்களை ஏன் பிரிகிறீர்கள்?’ என்று கேட்கிறது. சம்பந்தமா பேசி வைத்திருந்தோம்?

ஆனித் தேரோட்டப் படங்களும் அதே இடத்தைத்தான் தின்கின்றனவாம். அழி, இல்லையேல் மாதச் சந்தா கட்டு!

மகளுக்கு வந்த நேர்முகத்தேர்வு அழைப்போ ஸ்பேமில் கிடக்கிறது, லாட்டரியில் கோடி விழுந்ததாகச் சொல்லும் கடிதத்துக்குப் பக்கத்தில். அந்த வீட்டுக்கடன் மட்டும் எந்த வடிகட்டியிலும் சிக்காமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

1996இல் ஹாட்மெயில் என்ற இலவச மின்னஞ்சல் கொடுத்த இடம் வெறும் 2 எம்பி. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி என்று அறிவித்தபோது, முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். துபாயில் இருக்கும் மைத்துனருக்குக் காசில்லாமல் நொடியில் கடிதம் போகிறது, அதை மறுக்கவில்லை.

“சும்மா கிடைப்பதற்கு இவ்வளவு பேச்சா அத்தான்?” என்கிறாள் மனைவி. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். இந்த மாடு என் பல்லையல்லவா பிடித்துப் பார்க்கிறது! கடவுச்சொல் மறந்தால், என்றோ கைவிட்ட எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறது. தபால் ஆபீஸ் என்றால் வண்ணாரப்பேட்டைக்குப் போய்ச் சண்டையாவது போடலாம். இங்கே யாரிடம் போய்க் கத்துவது?