'படக்' சத்தம் வந்தால் எலும்பு பொருந்திவிட்டதா?

"முதுகெலும்பு விலகுவதால்தான் இடுப்பு வலிக்கிறது, கைரோபிராக்டர் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சிகிச்சை தருபவர்) ஒரே அழுத்தில் அதைப் பொருத்திவிடுவார், அந்தப் 'படக்' சத்தமே சாட்சி" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்கிற அதே சத்தம்தான் அது. மூட்டின் இரு பரப்புகள் சட்டென்று பிரியும்போது, இடையிலுள்ள வழவழப்பான திரவத்தில் வாயுக் குமிழி உருவாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலை இழுத்து, 2015-இல் இதைப் படமாகவே காட்டினார்கள். சத்தம் கேட்டதால் எலும்பு இடம் மாறிப் பொருந்தியதாக அர்த்தம் இல்லை.

அதற்காகச் சிகிச்சையே வீண் என்று சொல்ல மாட்டேன். புதிதாக வந்த இடுப்பு வலிக்குச் சூட்டு ஒத்தடம், மசாஜ் போன்றவற்றோடு இதையும் ஒரு வழியாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017-இல் பரிந்துரைத்தது. பலன் சிறியதுதான். அத்தகைய வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும்.

எனக்குக் கவலை தருவது கழுத்தைத் திருகுவதுதான். அதன்பின் மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள், அரிதாகவே என்றாலும், பதிவாகியிருக்கின்றன. இடுப்பு வலிக்குப் போகிறவர் "கழுத்தைத் தொட வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.