படம் ஓடவில்லை, பாட்டுதான் ஓடியது

'தட்ஸ் தி வே ஆஃப் தி வேர்ல்ட்' என்ற அமெரிக்கப் படத்தையும் அதே பெயரில் வந்த அதன் பாட்டு ஆல்பத்தையும் பற்றி, "படம் ஹிட்டானதால்தான் ஆல்பமும் விற்றது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்தது நேர்மாறு, நண்பரே. எர்த், விண்ட் அண்ட் ஃபயர் என்ற அமெரிக்க இசைக்குழுவின் அந்த ஆல்பம் 1975 மார்ச்சில், படத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் பில்போர்டு இசைத் தரவரிசையில் ஆல்பமும் முதலிடம், அதிலுள்ள 'ஷைனிங் ஸ்டார்' பாட்டும் முதலிடம். அந்தப் பாட்டின் கடைசி நொடிகளை ஹெட்போனில் கேளுங்கள்: வாத்தியங்கள் எல்லாம் நின்று குரல்கள் மட்டும், எதிரொலியும் வடிந்து காதருகே வந்துவிடும். குழுத் தலைவர் மாரிஸ் வைட்டும் இணைத் தயாரிப்பாளர் சார்ல்ஸ் ஸ்டெப்னியும் கொலராடோ மலைப் பண்ணை ஸ்டூடியோவில் உட்கார்ந்து செதுக்கிய வேலை அது. படமோ, ஹார்வி கைட்டல் நடித்தும் மண்ணைக் கவ்வியது. நீங்களாவது பார்த்தீர்களா?