பகல் வெயிலை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

கோடைக்கு எங்கே போகலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பகலின் உச்ச வெப்பநிலையை மட்டும்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படிப் பார்த்துத்தான் ஒரு முறை அம்மாவைக் கடலோர ஊர் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். பகலில் 32 டிகிரிதான். ஆனால் நள்ளிரவிலும் 28. காற்று அசையவே இல்லை, தலையணையெல்லாம் நசநசவென்று. நான்கு இரவும் அம்மா கண்மூடவில்லை. அவரை அந்த நிலையில் பார்த்த பிறகுதான் வானிலைக் கணக்குகளை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

இப்போது நான் முதலில் பார்ப்பது இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை. பகலில் வாங்கிய சூட்டை உடம்பு இறக்கிவைக்கும் நேரம் இரவு. அதுவும் சூடாக இருந்தால் மறுநாள் வெயிலைத் தாங்கத் தெம்பு இருக்காது. 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலையில் பிரான்ஸில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள். பாரிஸில் இரவுகள் குளிராததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது காற்றின் ஈரம். ஈரப்பத சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது நேரத்துக்கு நேரம் மாறும். டியூ பாயிண்ட் பாருங்கள். காற்றிலிருக்கும் ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை அது. 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் வியர்வை சட்டென்று உலர்ந்து உடம்பு குளிரும். 24ஐத் தாண்டினால் விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலும் புழுக்கம்தான்.

உயரத்துக்கு வருவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஈக்வடாரின் கீட்டோ நகரம் ஆண்டு முழுக்கக் குளுகுளுவென்று இருப்பது சுமார் 2,850 மீட்டர் உயரத்தால். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவும் அப்படித்தான், 2,300 மீட்டருக்கு மேலே. சீனாவின் குன்மிங், சுமார் 1,900 மீட்டர், அதை 'வசந்த நகரம்' என்றே சொல்கிறார்கள். கொலம்பியாவின் மெடயினுக்கு 1,500 மீட்டரே போதும், 'நித்திய வசந்த நகரம்' என்ற பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் உயரம் இருந்தாலே போதும் என்று நம்பிவிடக் கூடாது. ஈரானின் இஸ்ஃபஹானும் 1,500 மீட்டருக்கு மேலேதான், ஜூலைப் பகலில் 35 டிகிரியைத் தாண்டும். வறண்ட பீடபூமி, மேகமில்லாத வானம், நீண்ட பகல். இந்த மூன்றும் சேர்ந்தால் உயரம் தோற்றுப்போகும்.

கடலோரமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கடல் குளிர்ந்ததா என்பதுதான் கேள்வி. பெருவின் லிமாவும் பிரேசிலின் சல்வடோரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கும் கடலோர நகரங்கள். லிமாவை ஒட்டி ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் ஓடுவதால் ஜூலை, ஆகஸ்டில் பகலே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சல்வடோரில் அப்படியில்லை. வெயிலையே காணாத சாம்பல் நிற வானத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சான் பிரான்சிஸ்கோவிலும் ஜூலைப் பகல் அதே அளவுதான். அங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் சாக்ரமெண்டோவில் 33 டிகிரி.

வடக்கே தள்ளிப் போனால் தப்பிக்கலாம் என்று இனி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி பதிவானது. மறுநாள் காட்டுத்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. அடுத்த ஆண்டு ஜூலையில் பிரிட்டன் முதல்முறையாக 40ஐத் தாண்டியது. குளிர்ந்த நாட்டு வீடுகள் சூட்டை வெளியே விடாதபடி கட்டப்பட்டவை, ஏசியும் பெரும்பாலும் இருக்காது. அங்கே வெப்ப அலையில் மாட்டிக்கொள்வது சூடான ஊரில் இருப்பதைவிடக் கொடுமை.

வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் இன்னொன்று. 2,500 மீட்டருக்கு மேலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும், தூக்கம் கெடும். இதயத்திலோ நுரையீரலிலோ தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் ஏறாதீர்கள். காற்று குளிர்ந்திருந்தாலும் உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், தொப்பியை மறக்கக் கூடாது.

போன கோடையில் அம்மாவுக்காக 1,600 மீட்டர் உயரத்தில் ஓர் ஊரைத் தேடிப் பிடித்தேன். பகலில் 27, இரவில் 16, டியூ பாயிண்ட் 13. பெயர் பெற்ற இடமில்லை, சுற்றிப் பார்க்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் நாள் இரவு ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் படுத்தோம். விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது அம்மா கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.